அனுபவம் எங்கே கிடைக்கும்?

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை அடுத்த மீனவக் குடும்பம் அது. நகையை அடகு வைத்து மகளைச் செவிலியர் பயிற்சிக்கு அனுப்பிய தாய் கேட்டார்: “சாமி, எங்கே போனாலும் அனுபவம் கேட்கிறார்களாம். வேலையே கொடுக்காவிட்டால் அனுபவம் எப்படி வரும்? பணம் கொடுத்தால் சான்றிதழ் தருகிறோம் என்கிறார்களே, வாங்கலாமா?”

வேண்டாம் என்றேன். மருந்தின் அளவு தவறினால், வாங்கிய சான்றிதழா நோயாளியைக் காப்பாற்றும்?

அனுபவம் வேலை கிடைத்த பின்னரே தொடங்குவதன்று. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் ஜெர்மனியில் மூன்று மாதங்கள் நோயாளரிடையே பயின்றார். 1853-இல் இலண்டன் மருத்துவ இல்லமொன்றை ஊதியமின்றி நடத்தினார். மறு ஆண்டே கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேணும் பொறுப்பு அவரை வந்தடைந்தது.

ஏழை வீட்டுப் பெண்ணை ஊதியமின்றி உழைக்கச் சொல்வது முறையன்று. ஆனால் பயிற்சிக் காலத்து வார்டுப் பணியும் கிராமப் பணியும் அவளுக்கே உரியவை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீடுதேடிச் சோதிக்கப்படுகின்றன. கிராமப் பணியின்போது அதனையும் உடனிருந்து கற்கலாம். தன் கையால் செய்தவற்றை அன்றன்றே பதிவேட்டில் எழுதி, ஆசிரியையின் கையொப்பம் பெறட்டும்.

பெற்றோரே, மகள் விடுமுறைக்கு வரும்போது, “வேலை எப்போது?” என்று கேட்குமுன், “இம்மாதம் என்ன கற்றாய்?” என்று கேளுங்கள்.