வெளிச்சம் எந்தப் பக்கம்?

தாராவியில் பல சந்துகள் மிகக் குறுகலானவை. எதிரே ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நாடா போலத் தெரியும். உச்சிவேளையில் கொஞ்ச நேரம் மட்டும் வெயில் தரையில் விழும்.

இப்படிப்பட்ட சந்தில் நல்ல போட்டோ எடுக்க முடியுமா? முடியும். போட்டோ எடுக்கக் கற்றுக்கொள்ள இது நல்ல இடம் என்றே சொல்லலாம். இங்கே வெளிச்சம் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் ஆக வேண்டும். அந்தத் தேடல்தான் முதல் பாடம்.

போட்டோ என்பது என்ன? அது வெளிச்சத்தின் பதிவு. ஒருவர் முகத்தில் வெளிச்சம் படுகிறது. பட்ட வெளிச்சம் திரும்பி காமிராவின் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. அந்தக் காலத்தில் உள்ளே பிலிம் இருந்தது. செல்போனில் பிலிமுக்குப் பதில் ஒரு சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. வேலை ஒன்றுதான். வெளிச்சம் இல்லாவிட்டால் படமும் இல்லை.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பகலில் வாசல் கதவைத் திறந்து வையுங்கள். பாட்டியை வாசலைப் பார்த்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் வாசல் பக்கம் நின்று ஒரு படம் எடுங்கள். முகம் முழுதும் தெளிவாக வரும். அடுத்து, பாட்டியைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லுங்கள். இப்போது பாதி முகம் வெளிச்சம், பாதி முகம் நிழல். கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் எழுந்து தெரியும். கடைசியாக, பாட்டி வாசலுக்கு முதுகு காட்டட்டும். முகம் கருத்துப் போகும்.

ஏன் கருத்தது? பின்னால் வாசல் பளிச்சென்று இருக்கிறது. செல்போன் மொத்த வெளிச்சத்தையும் அளந்து, "இங்கே வெளிச்சம் அதிகம்" என்று முடிவு செய்து அதைக் குறைத்துவிடுகிறது. அப்போது திரையில் பாட்டியின் முகத்தை விரலால் ஒரு முறை தொடுங்கள். போன் அந்த முகத்துக்கு ஏற்றபடி மறுபடி அளக்கும். முகம் தெளியும்.

மூன்று படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வது புரிந்துவிடும்.

போட்டி எதற்கு?

தனியாக எடுத்தால் தன் படம் தனக்கு அழகாகவே தெரியும். நாலு பேர் பார்க்கும்போதுதான் குறை தெரியும். மும்பைக்கு இது புதிதல்ல. 1854ஆம் ஆண்டிலேயே இங்கே போட்டோ சங்கம் ஒன்று தொடங்கியது. வெள்ளைக்கார அதிகாரிகளோடு இந்தியர்களும் அதில் இருந்தார்கள். மருத்துவர் நாராயண் தாஜி அவர்களில் ஒருவர். கூடுவது, படங்களைக் காட்டுவது, பேசுவது. இதுதான் சங்கத்தின் வேலை. 1937இல் மும்பையில் தொடங்கிய இந்தியப் போட்டோ சங்கமும் போட்டி நடத்தியே பலரைப் பழக்கியது. அந்தக் காலத்தில் காமிரா பணக்காரர் வீட்டுப் பொருள். இப்போது இட்லி விற்பவர் சட்டைப் பையிலும் அது இருக்கிறது.

ஒரு தெருவில் பத்துப் பேர் சேர்ந்தால் போட்டி நடத்தலாம். பத்துப் பேரிடமும் போன் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று போன் இருந்தால் மாற்றி மாற்றி எடுக்கலாம். வாரத்துக்கு ஒரு தலைப்பு. "கை", "தண்ணீர்", "படி", "வெள்ளை" என்று சின்னத் தலைப்பாக இருக்கட்டும். "வாழ்க்கை" என்று பெரிதாக வைத்தால் எதை எடுப்பது என்றே தெரியாது.

ஒருவருக்கு ஒரு படம்தான். இந்த விதி முக்கியம். பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். ஒவ்வொன்றுக்கும் காசு. அதனால் யோசித்து அழுத்தினார்கள். போனில் ஒரே பொருளை ஐம்பது படம் எடுக்கலாம். எடுங்கள், தவறில்லை. ஆனால் ஐம்பதில் எது நல்லது, ஏன் நல்லது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதில்தான் பாதிப் படிப்பு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடுங்கள். யார் எடுத்த படம் என்று சொல்ல வேண்டாம். படத்துக்கு ஓர் எண் கொடுங்கள். பிடித்த படத்தின் எண் எழுதிய கிண்ணத்தில் ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை போடட்டும். எண்ணிப் பார்த்த பிறகு பெயரைச் சொல்லலாம். ஜெயித்தவர் ரகசியத்தைச் சொல்ல வேண்டும். எத்தனை மணிக்கு எடுத்தார், எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்தது?

மற்றப் படங்களையும் பேச வேண்டும். "நல்லா இருக்குக்கா" என்பது பேச்சல்ல. "என் கண் முதலில் பின்னால் இருக்கும் சிவப்பு வாளிக்குப் போகுது. பிள்ளை முகத்துக்கு அப்புறம்தான் வருது" என்பது பேச்சு. அதைக் கேட்டவர் அடுத்த வாரம் வாளியை நகர்த்திவிட்டு எடுப்பார்.

சில தலைப்புகளைப் பார்ப்போம்

"ஆவி" என்று ஒரு தலைப்பு வைத்தால் தாராவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மும்பைத் தெருக்களில் சைக்கிளில் வரும் இட்லிகளில் பெரும்பங்கு இங்கே தமிழர் வீடுகளில் வேகிறது. விடியும் முன்பே கொப்பரை ஏறிவிடும். மூடியைத் திறந்ததும் ஆவி கிளம்பும். படம் எடுத்துப் பார்த்தால் ஆவியையே காணோம்! காரணம், வெளிச்சம் முன்னாலிருந்து வருகிறது, பின்னால் வெள்ளைச் சுவர் இருக்கிறது. ஆவி தெரிய வேண்டுமானால் வெளிச்சம் அதற்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு சுருளும் வெள்ளையாக எழும். இடத்தை மாற்றி நின்றால் போதும், வேறு செலவில்லை. ஒரு விஷயம். கண்ணாடியில் ஆவி படிந்தால் படம் முழுதும் மங்கும். பருத்தித் துணியால் மெல்லத் துடைத்துவிட்டு எடுங்கள். வீட்டுப் போனில் எண்ணெய்க் கை படாத நாள் உண்டா?

"வெள்ளை" என்ற தலைப்புக்கு மாட்டுங்கா பூச்சந்தை பொருத்தம். மல்லிகையை நேர் வெயிலில் எடுத்தால் வெறும் சுண்ணாம்புக் குவியலாகத் தெரியும். இதழ் எது, மொட்டு எது என்று புரியாது. அதே பூவைப் பந்தலின் நிழலில் வைத்து எடுங்கள். பல போன்களில் திரையைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியன் படம் வரும். அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். இதழ்கள் பிரிந்து தெரியும்.

"படி" என்றால் செம்பூர் சேடா நகர் முருகன் கோயில். 108 படிகள். கீழிருந்து எடுத்தால் படிகள் வானத்துக்கு ஏறுவது போலிருக்கும். மேலிருந்து எடுத்தால் ஏறி வருகிறவர் சிறியவராகத் தெரிவார். பக்கத்திலிருந்து எடுத்தால் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறும் பெரியவரின் சிரமம் தெரியும். படி ஒன்றுதான். நிற்கும் இடம் கதையை மாற்றிவிடுகிறது. சன்னதியில் மட்டும் கேட்காமல் போனை எடுக்க வேண்டாம்.

படம் ஆடிப்போகிறது என்று பலர் குறைப்படுவார்கள். இருட்டில் காமிரா அதிக நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கை அசைந்தால் படமும் அசையும். இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி வையுங்கள். சுவரிலோ கதவுநிலையிலோ சாய்ந்துகொள்ளுங்கள். மூச்சை மெல்ல விட்டபடி தொடுங்கள்.

தூரத்தில் நின்று இரண்டு விரலால் திரையை விரித்துப் பெரிதாக்குவதும் பலருக்குப் பழக்கம். பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். பொடிப்பொடியாக வரும். இரண்டு அடி முன்னால் நடந்து போவது மேல். குழந்தையை எடுக்கும்போது நின்றபடி எடுக்காமல் உட்கார்ந்து எடுங்கள். அதன் கண் உயரத்துக்குப் போனால்தான் அதன் முகம் கிடைக்கும். ஆளை எப்போதும் நடுவிலேயே நிறுத்த வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கம் தள்ளி நிறுத்தி, அவர் பார்க்கும் பக்கத்தில் இடம் விடலாம். இதெல்லாம் கோலப்புள்ளி போல. பழகும்வரை புள்ளி வேண்டும். பிறகு கை தானே போகும்.

கேட்டுவிட்டு எடுப்பது

தாராவியைப் படம் எடுக்க உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். சாக்கடையையும் குப்பையையும் எடுத்துப் போனார்கள். எடுக்கப்பட்டவர்களிடம் கேட்டவர்கள் குறைவு. நம் தெருப் போட்டியிலும் அதே தவறு நடக்கலாம். குளிக்கும் இடம், கழிப்பறை வரிசை, அழும் பெண், குடித்து விழுந்தவர். இவை பரிசு வாங்கித் தரலாம். ஆனால் அந்த ஆள் நாளை அதே சந்தில் நடக்க வேண்டும். முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். சரி என்றால் எடுத்த படத்தை அவருக்கே முதலில் காட்டுங்கள்.

சொந்த ஊரார் எடுக்கும் படத்துக்கு வேறு பலமும் உண்டு. சீனாவின் யுன்னான் மாநிலத்தில் 1992இல் ஒரு திட்டம் தொடங்கியது. 62 கிராமத்துப் பெண்களிடம் எளிய காமிராக்களைக் கொடுத்தார்கள். அவர்கள் தங்கள் அன்றாட வாழ்க்கையை எடுத்தார்கள். பிறகு கூடி உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேசினார்கள். தாய் வயலில் வேலை செய்ய, குழந்தை தனியே கிடக்கும் படமும் அதில் வந்தது. அதிகாரிகள் பார்த்தார்கள். குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள ஏற்பாடு வந்தது.

மதுரைப் பக்கத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்தவர் பழனி குமார். துப்புரவுத் தொழிலாளர், மீனவர் வாழ்க்கையை எடுத்தே பெயர் பெற்றவர். 2022இல் ஆவணப் போட்டோவுக்கான விருது வாங்கினார். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டோ எடுக்கவும் சொல்லிக் கொடுக்கிறார்.

மும்பையில் படித்த ஹோமாய் வியாரவாலா 1930களில் காமிராவைத் தூக்கினார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் போட்டோக்காரர் அவர்தான். பெண்கள் சங்கத்தின் உல்லாசப் பயணம் ஒன்றை எடுத்தார். பத்திரிகை படத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. தொடக்கத்தில் அவர் எடுத்த பல படங்கள் அவர் கணவர் பெயரில்தான் அச்சாயின. 2011இல் பத்ம விபூஷண் விருது வந்தது. அப்போது அவருக்கு 97 வயது.

வீட்டுக் காகிதங்களும் படமும்

தாராவிக்காரர்களுக்குப் போட்டோ வெறும் பொழுதுபோக்கு இல்லை. 1976இல் மகாராஷ்டிர அரசு மும்பையின் குடிசைப் பகுதிகளில் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடும்பங்களுக்குப் படம் ஒட்டிய அட்டை கொடுத்தது. "போட்டோ பாஸ்" என்றே அதற்குப் பெயர். 2024இல் தாராவியை இடித்துக் கட்டும் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. எந்த ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறீர்கள் என்பது அதில் பெரிய கேள்வி. பதிலுக்குக் காகிதம் காட்ட வேண்டும். செல்போன் படம் மட்டும் காட்டினால் வீடு கிடைத்துவிடாது. ஆனால் மழையில் நனைந்தும் கரையான் அரித்தும் போகும் காகிதத்துக்கு ஒரு நல்ல படம் காவல்.

ஆகவே ஒரு வாரம் "காகிதம்" என்றே தலைப்பு வைக்கலாம். ரேஷன் அட்டையையோ பழைய மின்சாரக் கட்டண ரசீதையோ வாசல் வெளிச்சத்தில் தரையில் விரியுங்கள். போனைக் காகிதத்துக்கு நேர் மேலே, சாயாமல் பிடியுங்கள். உங்கள் தலை நிழல் விழக் கூடாது. பிளாஷ் வேண்டாம். பளபளப்பில் எழுத்து மறையும். நாலு மூலையும் படத்துக்குள் வர வேண்டும். எடுத்ததும் பெரிதாக்கி, ஆண்டையும் எண்ணையும் வாய்விட்டுப் படியுங்கள். படிக்க முடியாவிட்டால் மறுபடி எடுங்கள். இந்தப் படத்தை மட்டும் கூட்டத்தில் காட்ட வேண்டாம், எல்லாருக்கும் அனுப்பவும் வேண்டாம். "எடுத்தேன், எழுத்து தெரிகிறது" என்று சொன்னால் போதும். அந்த வாரம் எல்லாருக்கும் பரிசு.

மற்ற வாரங்களில் ஜெயித்த படத்தை ஸ்டுடியோவில் கொடுத்து அச்சுப் போடுங்கள். அதுவே பரிசாக இருக்கட்டும். போன் தொலையும், உடையும். தாளில் இருக்கும் படம் தகரப் பெட்டியில் இருக்கும். பின்பக்கம் எழுதி வையுங்கள். பேனாவை அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மெதுவாக எழுதுங்கள். யார், எந்த இடம், என்ன தேதி. எடுத்தவர் பெயர் கீழே.