ஹன்சாட்டும் அதன் மௌனங்களும்
பாராளுமன்ற ஆவணங்களைத் தேடி வாசிக்கும் முறை குறித்துச் சில கருத்துக்கள்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றை ஆராய முற்பட்டோர் இதுவரை பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் நூல் முன்னுரைகளையும் ஓரளவு பயன்படுத்தி வந்துள்ளனர். ஆயின் சட்டமன்றங்களின் விவாத அறிக்கைகளும் குழு அறிக்கைகளும் நமது ஆய்வாளரின் கவனத்தை உரிய அளவிற் பெற்றுள்ளன எனக் கூறுவதற்கில்லை. அவை அரசறிவியலாளருக்கும் சட்ட வல்லுநருக்கும் உரியவை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். எந்த மொழியிற் கல்வி புகட்டப்படும், எவர் குடியுரிமை பெறுவர், எவர் வாக்களிப்பர் என்பவை யாவும் தீர்மானிக்கப்பட்ட களம் சட்டமன்றமேயாகும். எழுத்தறிவு பெற்ற வாசகர் கூட்டத்தின் தோற்றத்தையும் பரப்பையும் இத்தீர்மானங்களே பெரிதும் நிர்ணயித்தன. எனவே இலக்கியத்தைச் சமுதாய வரலாற்றின் பகுதியாகக் காண்போர் இவ்வாவணங்களைப் புறக்கணித்தல் இயலாது.

இவற்றை நாடும் சிலரும் ஒரு தலைவரின் உரையிலிருந்து தமக்கு வேண்டிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு திரும்பி விடுகின்றனர். அது தேடல் ஆகாது. ஒரு பிரச்சினை சபைக்குள் புகுந்த நாள் முதல் சட்டமாகவோ அறிக்கையாகவோ வெளிவந்த நாள் வரை அதனைப் பின்தொடர்ந்து செல்வதும், அப்பயணத்தில் எவரது குரல் கேட்கவில்லை என வினவுவதுமே தேடலாகும். இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுவது இதனையே.

விவாதங்களை அச்சிடும் உரிமை பிரித்தானிய ஆளும் வர்க்கம் மனமுவந்து அளித்ததொன்றன்று. 18ஆம் நூற்றாண்டில் விவாதங்களை வெளியிடுதல் சபையின் சிறப்புரிமையை மீறுங் குற்றமாகக் கருதப்பட்டது. 1771இல் அவ்வாறு வெளியிட்ட அச்சகத்தாருக்குத் துணைநின்றமைக்காக இலண்டன் மாநகர முதல்வர் பிராஸ் குரொஸ்பி கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் வில்லியம் கொபெற் என்ற தீவிரவாத எழுத்தாளர் விவாதத் தொகுப்புக்களை வெளியிடத் தொடங்கினார். அவர் கடன் சுமையால் நலிவுற்றபோது, 1812இல், அவற்றை அச்சிட்டு வந்த தோமஸ் கேர்சன் ஹன்சாட் அவ்வுரிமையைப் பெற்றுக்கொண்டார். அவ்வச்சகத்தாரின் பெயரே இன்றுவரை நிலைத்துள்ளது. 1909ஆம் ஆண்டிலேயே பொதுமக்கள் சபை இப்பணியைத் தன் நேரடிப் பொறுப்பில் ஏற்றது. ஆளுவோர் மறைக்க விரும்பியதும் மக்கள் அறிய விரும்பியதுமான ஒன்று பின்னர் அரசின் அதிகார அறிக்கையாக உருமாறிய வரலாறு இது. இம்முரண்பாட்டை மனங்கொண்டே அந்நூலை நாம் விரித்தல் வேண்டும்.

இலங்கையில் தேடுவோர் முதலில் அறிய வேண்டியது சபைகளின் வரிசையாகும். 1833 முதல் 1931 வரை சட்டநிரூபண சபை; 1931 முதல் 1947 வரை டொனமூர் அரசியலமைப்பின் கீழ் அரசாங்க சபை; 1947 முதல் பிரதிநிதிகள் சபையும் செனற் சபையும்; 1971இல் செனற் சபை ஒழிக்கப்பட்டபின், 1972 முதல் தேசிய அரசுப் பேரவை; 1978 முதல் இன்றைய பாராளுமன்றம். ஒவ்வொரு சபைக்கும் தனித்தனித் தொகுதி வரிசைகள் உள்ளன. ஆதலால் தொகுதி எண்ணை மட்டும் குறித்து வைத்தல் பயனற்றது. சபையின் பெயர், திகதி, தொகுதி, நிரல் என்ற நான்கும் குறிக்கப்படுதல் அவசியம்.

அறிக்கை உருவாகும் முறையும் கவனத்துக்குரியது. உரைகள் சொல்லுக்குச் சொல் பதியப்படுவதாகப் பொதுவிற் கூறப்படினும், கூறியது கூறலும் வெளிப்படையான வழுக்களும் நீக்கப்படுவது ஹன்சாட் மரபாகும். நமது பாராளுமன்றத்தில் முதலில் வெளிவருவது பிழை திருத்தப்படாத பிரதி. உறுப்பினர் தம் திருத்தங்களைக் குறித்து இரு வாரங்களுள் பதிப்பாசிரியருக்கு அனுப்பலாம். சபாநாயகரின் கட்டளைப்படி சில சொற்கள் நீக்கப்படுவதும் உண்டு. எனவே முதற் பிரதி, இறுதிப் பதிப்பு, அடுத்த நாட் பத்திரிகைச் செய்தி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். மேலும், இன்றைய ஹன்சாட்டில் ஒவ்வோர் உரையும் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகின்றது. ஒரு மொழி மட்டும் அறிந்த ஆய்வாளன் விவாதத்தின் ஒரு பகுதியையே வாசிக்கின்றான்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பின்தொடர்வோம். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் பற்றி நாம் நிறையவே பேசியுள்ளோம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1944 மே மாதத்தில், அரசாங்க சபையில் நிகழ்ந்த விவாதம் அத்துணை ஆழமாக ஆராயப்படவில்லை. களனித் தொகுதி உறுப்பினர் ஜே. ஆர். ஜயவர்த்தனா கொண்டுவந்த பிரேரணை அது. பிரேரணைக்கான அறிவித்தல் 1943இலேயே கொடுக்கப்பட்டிருந்தது. ஆதலால் நாம் விவாத நாளிலிருந்தன்றி, முன்னைய ஒழுங்குப் பத்திரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும். அதிற் காணப்படும் முதல் வாசகம் சிங்களத்தை மட்டுமே நியாயமான கால எல்லைக்குள் அரசகரும மொழியாக்கக் கோருகின்றது. பாடசாலைகளின் போதனா மொழி, பொதுப் பரீட்சைகள், சபை நடவடிக்கைகள், நூல் மொழிபெயர்ப்பு, மாற்றத்துக்கான ஆணைக்குழு என அது பல கூறுகளைக் கொண்டிருந்தது. சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட வாசகமோ வேறு. கிழக்கு மாகாண உறுப்பினர் வி. நல்லையா கொண்டுவந்த திருத்தத்தின் பயனாகத் தமிழும் சேர்க்கப்பட்டது. திருத்தப்பட்ட பிரேரணைக்கு ஆதரவாக 27 வாக்குகளும் எதிராக 2 வாக்குகளும் கிடைத்தன.

இருமொழிக்கும் அரசகரும நிலை அளிப்பதில் தமக்கு மறுப்பில்லை என்ற கருத்தை அவ்விவாதத்தில் வெளியிட்டவர்களுள் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்காவும் ஒருவர். அவரே 1956இல் பிரதமராக இருந்து அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றினார். பிரதிநிதிகள் சபையில் அதற்கு ஆதரவாக 56 வாக்குகளும் எதிராக 29 வாக்குகளும் கிடைத்தன. இவ்விரு உரைகளையும் அருகருகே வைத்துத் தனிமனிதரின் நாணயத்தை எடைபோடுவது எளிது. ஆனால் அது ஆய்வின் முடிவாகாது. 1944இல் ஆங்கிலங் கற்ற ஒரு சிறு பகுதியினர் தேச மொழிகளின் எதிர்காலத்தை ஆங்கிலத்திலேயே விவாதித்தனர். 1956இல் கிராமப்புறச் சிங்களக் குட்டி முதலாளித்துவப் பகுதியினர், அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டியில், தனி அரசியற் சக்தியாகத் திரண்டிருந்தனர். வாசகம் மாறியதன் காரணத்தைப் பேச்சாளரின் மனத்திலன்றி இச்சமூக மாற்றத்திலேயே தேடுதல் வேண்டும்.

மேற்கூறிய பிரேரணை வாக்கெடுப்புடன் முடிந்துவிடவில்லை. அதனை நடைமுறைப்படுத்தும் வழியை ஆராயத் தெரிகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 1946ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க அமர்வுப் பத்திரமாக வெளிவந்தது. ஹன்சாட்டை மட்டும் புரட்டுவோர் இதனைக் காணமாட்டார்கள். அமர்வுப் பத்திரங்கள் தனியொரு வரிசையாகத் தொகுக்கப்படுபவை. இலவசக் கல்விக்கு வழிவகுத்த கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கையும் 1943ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க அமர்வுப் பத்திரமாகவே உள்ளது. சபையில் முரண்பாடு பகிரங்கமாகின்றது. குழுவிலோ சமரசம் உருவாகின்றது. எவருக்கு எவ்வளவு, எப்போது, எந்த நிபந்தனையுடன் என்பவை குழுவறையிலேயே பெரிதும் நிச்சயிக்கப்படுகின்றன.

டொனமூர்க் காலத்தில் இவ்வுண்மை மேலும் பொருந்தும். அன்று சபை உறுப்பினர் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து திணைக்களங்களை நடத்தினர். அக்குழுக்களின் தலைவர்களே அமைச்சர்களாயினர். அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையல்ல. சபைக்கு வந்த முடிவுகளிலிருந்து உள்ளே நிகழ்ந்ததை நாம் உய்த்துணர வேண்டியுள்ளது. அண்மைக்காலத்திலும் இந்நிலை நீடித்தது. 1979இல் அமைக்கப்பட்ட, அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழுவின் அமர்வுகள் 2019இலேயே ஊடகவியலாளருக்குத் திறந்துவிடப்பட்டன. பொதுப்பணம் பற்றிய விசாரணையே நாற்பது ஆண்டுகள் மூடிய கதவுகளுக்குள் நடைபெற்றமை சிந்தனைக்குரியது.

அடுத்து நோக்க வேண்டியது மௌனம். ஹன்சாட்டில் ஒருவரது பெயர் இல்லை என்பதும் ஒரு வரலாற்றுச் சான்றே. 1931இல் யாழ்ப்பாண வாலிப காங்கிரசின் பகிஷ்கரிப்பினால் வட பகுதியின் நான்கு தொகுதிகள் வெறுமையாயின. 1934இலேயே அவை நிரப்பப்பட்டன. ஆகவே அரசாங்க சபையின் முதலாண்டு விவாதங்களில் யாழ்ப்பாணத்தின் குரலைத் தேடுபவர் காண்பது ஓர் இடைவெளியை. 1936இல் தெரிவான பிலிப் குணவர்த்தனாவும் என். எம். பெரேராவும் 1940இல் தடுத்துவைக்கப்பட்டு, 1942இற் சிறையிலிருந்து தப்பிச் சென்றவர்கள். 1944 மொழி விவாதத்தில் அவர்களது கருத்து பதிவாகாமைக்குக் காரணம் ஏகாதிபத்திய அடக்குமுறையேயன்றி, இடதுசாரிகளுக்கு அவ்விடயத்தில் அக்கறை இல்லாமை அன்று.

இம்மௌனங்களுள் மிகக் கொடியது மலையகத் தொழிலாளருடையது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த சட்டங்களும் அவர்களுட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. 1947 தேர்தலில் அவர்களது பிரதிநிதிகள் சபைக்குட் சென்றிருந்தனர். 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஒருவர்தானும் தெரிவாகவில்லை. சௌ. தொண்டமான் மீண்டும் தேர்தல் மூலம் சபைக்கு வந்தது 1977இலாகும். நியமன உறுப்பினர் சிலர் இடைக்காலத்தில் இருந்தனராயினும், நாட்டின் ஏற்றுமதி வருவாய்க்கு உழைத்த மக்களைப் பற்றி ஏனையோர் பேசிய பேச்சுக்களே அக்கால ஹன்சாட்டில் மிகுந்துள்ளன.

இத்தகைய இடைவெளியை நிரப்புவதற்கே இலக்கிய மாணவனின் பயிற்சி கைகொடுக்கின்றது. 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியத் தொழிலாளரை நீக்கும் நடவடிக்கை எழுந்தபோது, ஹற்றன் தொகுதி உறுப்பினராக விளங்கியவர் கோ. நடேசையர். அவரது துணைவியார் மீனாட்சி அம்மை அதே பிரச்சினையைப் பாட்டாக்கினார். 1940இல் அவரது பாடல்கள் சிறு நூலாக அச்சேறின. ஒன்று சபை விதிகளுக்குட்பட்ட வாதம். மற்றையது தொழிலாளர் கூட்டங்களிற் பாடப்பட்டது. இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போதே அக்காலத்தின் முழுக்குரல் நமக்குக் கேட்கின்றது. ஹன்சாட்டை மட்டும் நம்புவோர் பாடலை இழப்பர். பாடலை மட்டும் போற்றுவோர் அது எதற்கு மறுமொழியாக எழுந்தது என்பதை அறியார்.

இன்று கணினிவழித் தேடல் பெருகியுள்ளது. பிரித்தானிய ஹன்சாட்டை 1803 முதல் இணையத்திற் காணலாம். காலனித்துவக் காலத்தில் இலங்கை பற்றி எழுப்பப்பட்ட வினாக்கள் அதிலும் உள்ளன. இவ்வசதி வரவேற்கத்தக்கது. ஆயின் சொற்றேடலுக்கு ஓர் எல்லை உண்டு. நாம் இன்று வழங்குஞ் சொல் அன்றைய ஆவணத்தில் இருப்பதில்லை. ‘மலையகத் தமிழர்’ என்று தேடினால் எதுவுங் கிட்டாது. ‘கூலிகள்’, ‘குடிவந்தோர்’, ‘இந்தியத் தொழிலாளர்’ என்ற ஆளுவோரின் ஆங்கிலச் சொற்களைக் கொண்டே அவர்களைக் கண்டறிய வேண்டும். தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்திற் பலவாறு எழுத்துக்கூட்டப்பட்டன. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் அமைந்த பக்கங்களில் சொற்றேடல் பெரும்பாலும் பயனளிப்பதில்லை. ஆகவே சுட்டியையும் ஒழுங்குப் பத்திரத்தையும் பொறுமையாகப் புரட்டும் பழைய பழக்கத்தை நாம் கைவிடலாகாது.

நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணியொன்று உண்டு. மொழி, கல்வி, குடியுரிமை, நூல் வெளியீடு ஆகியவை பற்றிய விவாதங்களுக்கும் அமர்வுப் பத்திரங்களுக்கும் விளக்கச் சுட்டி ஒன்றைத் தமிழில் தயாரித்தல் வேண்டும். பேசியோர் பெயருடன், வாக்களித்தோர், வாக்களியாதோர், சபையில் இடம்பெறாத சமூகப் பிரிவினர் ஆகிய விபரங்களும் அதில் இடம்பெற வேண்டும். இது தனியொருவரின் பணியன்று; மும்மொழியும் அறிந்த மாணவர் கூட்டாகச் செய்ய வேண்டியது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இம்முயற்சிக்கு ஓரளவு துணைபுரியும். தம்மைப் பற்றி எடுக்கப்பட்ட தீர்மானங்களின் முழு விபரத்தையும் தம் மொழியில் அறியும் உரிமை உழைக்கும் மக்களுக்கு உண்டு. அவ்வுரிமையை நடைமுறையாக்கும் பொறுப்பிலிருந்து தமிழ் ஆய்வுலகம் விலகி நிற்க முடியாது.