வரவேற்பறைக்கு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்

கல்லூரி நாட்களில் வாங்கிய டவர் கம்ப்யூட்டரைச் சும்மா போட்டுவைக்க மனமில்லாமல், ஹாலில் இருந்த டிவியுடன் எச்டிஎம்ஐ கேபிள் மூலம் இணைத்தேன். அக்காவின் கல்யாண வீடியோவை அம்மா நினைத்தபோதெல்லாம் பார்க்கட்டும் என்பதுதான் திட்டம். படம் நன்றாகவே வந்தது. ஐந்தாவது நிமிடம் அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, அன்னிக்கு மண்டபத்துல மழையா பெஞ்சுது?"

மழை இல்லை, கேபினட் ஃபேன்! மறுநாள் நான் ஆபீஸ் போன பிறகு அம்மா அந்தப் பக்கமே போகவில்லை. பாஸ்வேர்டு, மவுஸ், ஃபோல்டர் என்று ஆயிரம் தொல்லை. நான் இரவு வீடு திரும்பும் வரை காத்திருந்தார்.

ஹாலில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு வேகம் முக்கியம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அங்கே அதற்கு வேலை குறைவு. சத்தம் போடக் கூடாது, வீடியோவைத் திணறாமல் காட்ட வேண்டும், ரிமோட்டில் இயங்க வேண்டும். இந்த மூன்றும் இல்லை என்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வீண்தான்.

இந்த ஆசை புதிதல்ல. 2001-இல் வியா நிறுவனம் 17 செ.மீ. சதுரத்தில் மினி ஐடிஎக்ஸ் என்ற மதர்போர்டு அளவைக் கொண்டுவந்தது. 2002-இல் மைக்ரோசாஃப்ட், ரிமோட்டால் இயக்கும் விண்டோஸ் எக்ஸ்பி மீடியா சென்டர் பதிப்பை வெளியிட்டது. 2005-இல் ஆப்பிளின் மேக் மினி வந்தது.

2008-இல் வந்த இன்டெல் ஆட்டம் 230 ஒரு நல்ல பாடம். ப்ராசசருக்கு 4 வாட் மின்சாரம் போதும். ஆனால் கூடவே வந்த 945ஜிசி சிப்செட்டுக்கு 22 வாட் வேண்டும்! இன்டெல்லின் மதர்போர்டில் ஃபேன் இருந்தது ப்ராசசர் மேல் அல்ல, சிப்செட் மேல். இவ்வளவு இருந்தும் முழு எச்டி படம் திக்கித் திணறியது. அதே ஆட்டமை என்விடியாவின் அயான் சிப்செட்டுடன் சேர்த்து 2009-இல் விற்றபோது படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. காரணம், வீடியோவை விரித்துக் காட்டும் வேலையை டீகோடர் என்ற தனிச் சுற்று எடுத்துக்கொண்டதுதான்.

இன்றும் நீங்கள் பார்க்க வேண்டியது இந்த டீகோடரைத்தான். ஆபீஸ்களில் கழித்துவிட்ட, தடித்த புத்தகம் அளவுள்ள மினி கம்ப்யூட்டர்கள் பழைய பொருள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் இன்டெல் 6-ஆம் தலைமுறை ப்ராசசர் இருந்தால் 10 பிட் எச்.265 வீடியோவுக்கு முழுமையான ஹார்ட்வேர் உதவி கிடையாது; 7-ஆம் தலைமுறையில் உண்டு. வெளியே ஒன்று போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஏவி1 வகை வீடியோவுக்கு 11-ஆம் தலைமுறை வேண்டும். புதிதாக வாங்குவதானால் 2023-இல் வந்த இன்டெல் என்100 போதும். வெறும் 6 வாட் ப்ராசசர். ஏவி1 டீகோடரும் உள்ளே இருக்கிறது. ஃபேனே இல்லாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன ஃபேன் பெரிய ஃபேனைவிடக் கீச்சிடும்.

மென்பொருளுக்கு என் ஓட்டு கோடிக்கு. எக்ஸ்பாக்ஸில் எக்ஸ்பிஎம்சி என்று வளர்ந்து, 2014-இல் பெயர் மாறிய இலவச மென்பொருள் இது. லிப்ரெலெக் என்ற சிறிய லினக்ஸுடன் சேர்த்து நிறுவினால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் நேராகக் கோடி திரைதான் வரும். பாஸ்வேர்டு கேட்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், பழைய மினி கம்ப்யூட்டருக்கு இது இன்னும் பொருத்தம்.

ஒரு சின்ன செட்டிங். சினிமா வினாடிக்கு 24 ஃபிரேம். டிவிக்கு 60 ஹெர்ட்ஸ் போனால் ஒரு ஃபிரேம் இரண்டு முறையும் அடுத்தது மூன்று முறையும் காட்டப்படும். கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் லேசாக வெட்டி வெட்டிப் போகும். கோடியின் ப்ளேயர் செட்டிங்கில் திரையின் ரிஃப்ரெஷ் ரேட்டைப் படத்துக்கு ஏற்ப மாற்றும் வசதியை ஆன் செய்தால் சரியாகிவிடும்.

ராஸ்பெர்ரி பையை டிவி ரிமோட்டாலேயே இயக்கலாம். எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே ரிமோட்டின் கட்டளை போய்விடும். பெரும்பாலான மினி கம்ப்யூட்டர்களில் இந்த வசதி இல்லை. யுஎஸ்பி ரிசீவருடன் வரும் சிறிய ரிமோட் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. பல ஓடிடி சேவைகள் சான்று பெற்ற கருவிகளுக்கே உயர்தரப் படம் தருகின்றன. டிவி ஸ்டிக் ஒன்று போதும். சொந்த வீடியோக்களும் புகைப்படங்களும் ஹார்ட் டிஸ்க் நிறைய இருப்பவர்களுக்குத்தான் இந்தச் செலவு.

கடைசியாக பயாஸில் ஒரு வேலை. மின்சாரம் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி ஒரு செட்டிங் இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். இப்போது அம்மா சுவரில் ஸ்விட்ச் போடுகிறார், கம்ப்யூட்டர் எழுந்துகொள்கிறது. நிறுத்தும்போது மட்டும் முதலில் ரிமோட்டில் ஷட் டவுன், அப்புறம் ஸ்விட்ச்.