தாளிசபத்திரி வாங்குவோர் கவனத்திற்கு

சளியும் இருமலும் கண்டவுடன் நாட்டு மருந்துக் கடைக்குச் சென்று, சுக்கு, மிளகு, திப்பிலியோடு தாளிசபத்திரியும் ஒரு பொட்டலம் வாங்கி வந்து, இடித்துச் சலித்துத் தேனில் குழைத்துக் கொடுப்பது நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஆயினும் ஊசி போன்ற அந்தக் காய்ந்த இலை, இமயமலையின் குளிர்ந்த உயரங்களில் என்றும் பசுமையாக நிற்கும் ஒரு விருட்சத்தினுடையது என்பதை வாங்குகிறவர்களில் பலர் அறியார். ஆயுர்வேதத்திற்கென அரசாங்கம் வெளியிட்டுள்ள மருந்துநூல் இப்பெயரால் அங்கீகரிப்பது, அபீஸ் என்ற ஃபிர் மரத்தின் இலையை. அதே மலைச்சரிவுகளில் வளரும் யூ என்னும் டாக்ஸஸ் மரத்தின் இலையும் பார்வைக்கு ஏறக்குறைய அதைப்போலவே இருப்பதால், இரண்டும் ஒரே பெயரில் சந்தைக்கு வந்துவிடுகின்றன. அபாயம் இங்கேதான் இருக்கிறது.

யூ மரத்தில், விதையைச் சூழ்ந்த செந்நிறச் சதையைத் தவிர, இலை, பட்டை, விதை யாவற்றிலும் டாக்ஸீன் என்ற நஞ்சு உண்டு. உலர்த்தினாலும் கொதிக்கவைத்தாலும் அது நீங்குவதில்லை. ஆகையால், கஷாயமாகக் காய்ச்சிவிட்டால் தோஷம் போய்விடும் என்று நம்பியிருப்பது உயிரோடு விளையாடுவதாகும். மயக்கம், வாந்தி, தளர்ச்சி என்று தொடங்கி, நாடித்துடிப்பு தாறுமாறாகி, சிலருக்கு முன்னறிகுறி அதிகமின்றியே இருதயம் நின்றுவிடுவதும் உண்டு. புற்றுநோய்க்குப் பயன்படும் பாக்லிடாக்செல் இந்த மர இனத்திலிருந்துதான் முதலில் கிடைத்தது என்பது மெய்யே; ஆனால் தனியே பிரித்தெடுத்து, ஆஸ்பத்திரியில் அளந்து செலுத்தும் மருந்தையும், அடுப்பங்கரையில் கைப்பிடியாய் அள்ளிப்போடும் இலையையும் ஒன்றென்று எண்ணலாகாது.

ஆகவே, பொடியாக வாங்காமல் முழு இலையாகவே கேட்டு வாங்குங்கள். நாலைந்து இலைகளை வெந்நீரில் ஊறவைத்து, வெளிச்சத்தில் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தால், ஃபிர் இலையில் நடு நரம்பின் இரு மருங்கிலும் வெண்ணிறப் பட்டை ஒவ்வொன்று ஓடுவதும், நுனி சற்றே பிளவுபட்டிருப்பதும் தெரியும். யூ இலையிலோ அந்த வெண்பட்டைகள் இரா. நுனி கூராக முடியும். பின்புறம் வெளிறிய மஞ்சள் சாயலாக இருக்கும். இந்தப் பரீட்சை சந்தேகமான சரக்கை விலக்கப் போதுமேயன்றி, நல்ல சரக்கென்று உறுதி சொல்லப் போதாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இருதய நோயாளிகளுக்கும், தகுதிபெற்ற சித்த வைத்தியரைக் கேளாமல் இதைக் கொடுக்கவே கூடாது.

மலைப் பிரதேசங்களுக்கு யாத்திரை போகிறவர்கள் தாமே பறித்துக்கொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. சிறு வன மகசூலைச் சேகரிக்கவும் விற்கவும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அளித்துள்ள உரிமை, தலைமுறைகளாக வனத்தை நம்பி வாழும் பழங்குடியினருக்கும் பாரம்பரிய வனவாசிகளுக்கும் உரியது, வந்துபோகும் நமக்கன்று. மேலும், இமயத்து யூ மரம் மிதமிஞ்சி வெட்டப்பட்டு அருகிவிட்டதால், 1995 முதல் அதன் சர்வதேச வியாபாரமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. கொடைக்கானலில் காணும் பைன் ஊசிகள் கொத்துக் கொத்தாக முளைப்பவை. அவை தாளிசபத்திரியே அல்ல.

உட்கொண்டபின் மயக்கமோ படபடப்போ ஏற்பட்டால், வீட்டில் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், உடனே 108-ஐ அழையுங்கள். இந்த நஞ்சுக்கென்று தனி முறிமருந்து கிடையாது. இருதயத்தின் போக்கைக் கண்காணித்துத் தாங்கும் சிகிச்சைதான் உண்டு என்பதால், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் மருத்துவர்களும் பொதுமக்களும் கலந்து ஆலோசிக்கலாம்.

கலப்படச் சரக்கு விற்றவரைக் கேள்வி கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. தயாரித்து விற்கும் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் கலப்படத்தை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் தண்டிக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். பொருளின் குறையைச் சோதனையின்றி நிர்ணயிக்க முடியாதபோது, ஆணையமே அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் சட்டம் வகைசெய்கிறது. வழிகாட்டுதலுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இவை யாவும் பலிக்க வேண்டுமானால் சாட்சியம் வேண்டும். ஆதலால் பத்து ரூபாய்ச் சரக்கானாலும் ரசீது கேட்டு வாங்குங்கள், மீந்த இலையைப் பொட்டலத்தோடு பத்திரப்படுத்துங்கள்.