செலவும் இருப்பும் : பனிநில விளையாட்டு ஒன்றில் வழித்தேர்வு

பொருள்வயிற் பிரியும் தலைவன் எந்நாட்டிற்குச் செல்கின்றான் என்பதை அகப்பாடல்கள் பெரும்பாலும் விரித்துரைப்பதில்லை. எப்பொழுது செல்கின்றான், எவ்வழியே செல்கின்றான், எதனை விட்டுச் செல்கின்றான் என்பவற்றையே அவை விரித்துரைக்கின்றன. செல்லும் இடத்தினும் செலவே பாடலின் பொருளாதலை இதனான் அறியலாம். இவ்வுண்மை பழந்தமிழ்ப் பாடல்களுக்கு மட்டும் உரியதன்று என்பது இக்காலக் கணினி விளையாட்டு ஒன்றனை ஆராயுங்கால் புலனாகின்றது. கனடா நாட்டு ஹிண்டர்லேண்ட் நிறுவனம் 2014-இல் முன்னோட்ட வடிவிலும், 2017-இல் முழு வடிவிலும் வெளியிட்ட 'தி லாங் டார்க்' என்பதே அவ்விளையாட்டு. 'நெடிய இருள்' என்பது அப்பெயரின் பொருள். அதனை ஆடுவோன் 'அடுத்து எங்குச் செல்வது' என்னும் வினாவிற்கு விடை காணும் முறையை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களத்தின் இயல்பு

கனடாவின் வடபால் உள்ளதாகப் படைத்துக்கொள்ளப்பட்ட 'கிரேட் பேர்' என்னும் தீவே விளையாட்டின் களம். நிலவுலகின் காந்த மண்டலத்தில் நேர்ந்த பெருங்குழப்பத்தால் மின்கருவிகள் யாவும் செயலற்றுப் போயின, ஊர்கள் வெறிச்சோடின. ஆடுவோன் பனிக்கிடையே தனியனாய் நிற்கின்றான். இவ்விளையாட்டில் கதை தழுவிய பகுதி ஒன்றும் உண்டு. ஈண்டு ஆராயப்படுவது கதையின்றி உயிர்வாழ்தல் ஒன்றனையே குறிக்கோளாகக் கொண்ட பகுதியாகும். குளிர், களைப்பு, நீர்வேட்கை, பசி என்னும் நான்கும் அவனை இடைவிடாது தேய்த்துக்கொண்டே இருக்கும். அவன் இறப்பின் அவ்வாட்டத்தின் பதிவு பொதுவாக அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு செலவும் உயிரைப் பணயமாக வைத்த செலவாகின்றது.

தீவு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நடுவண் உள்ள 'மிஸ்டரி லேக்' என்னும் ஏரிப்பகுதியினின்று பிரியும் வழிகளுள் மூன்றனை இங்குச் சான்றாகக் கொள்ளலாம். இருப்புப்பாதையை ஒட்டி ஒருபுறம் சென்றால், ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றைக் கடந்து 'கோஸ்டல் ஹைவே' என்னும் கடற்கரைப் பகுதியை அடையலாம். அதே பாதையின் மறுபுறம் 'ஃபார்லோர்ன் மஸ்கெக்' என்னும் சதுப்புநிலத்திற்குச் செல்லும். நீர்மின் அணையின் வழியே புகுந்து, உறைந்த ஆற்றைப் பின்பற்றிச் சென்றால் 'பிளசன்ட் வேலி' என்னும் பள்ளத்தாக்கு வயல்நிலம் எதிர்ப்படும். இம்மூன்றனுள் எதனைத் தேர்வது?

2. இன்மையே திசை காட்டுதல்

இம்மூன்றனுள் சிறந்தது எது என வினவுதல் பொருத்தமுடையதன்று. கடற்கரைப் பகுதியில் வீடுகள் மிகுதி; துணியும் உணவும் அவற்றில் கிடைக்கும். ஆயின் உறைந்த கடற்பரப்பில் ஓநாய்கள் திரிகின்றன. வயல்நிலத்தில் பெரியதொரு பண்ணைவீடு உண்டு. ஆயின் வெட்டவெளியாகிய அந்நிலத்தில் பனிப்புயல் அடிக்கடி வீசும். சதுப்புநிலத்திலோ அடைந்து தங்கற்குரிய நல்ல வீடு இல்லை. மெல்லிய பனிக்கட்டி காலடியில் உடைந்தால் உடை முழுதும் நனைந்து உறையும். அங்ஙனமாயின் சதுப்புநிலத்திற்கு யார் செல்வர்? இரும்பு வேண்டுவோர் செல்வர்.

'இன்டர்லோப்பர்' என்னும் கடுநிலையில் துப்பாக்கியும் கத்தியும் கோடரியும் எங்கும் கிடைப்பதில்லை. பழைய இரும்புத் துண்டுகளைக் காய்ச்சி, அம்புமுனையையும் கத்தியையும் கோடரியையும் தானே அடித்துக்கொள்ளல் வேண்டும். அதற்கு உலைக்களமும் சம்மட்டியும், வெப்பத்தை 150 பாகை செல்சியசுக்கு உயர்த்தும் நிலக்கரியும் இன்றியமையாதன. உலைக்களம் தீவின் சில இடங்களில் மட்டுமே உண்டு. சதுப்புநிலத்தில் சிதைந்து கிடக்கும் பண்ணையில் ஒன்றும், கடற்கரைக்கு அப்பால் உள்ள 'டெசொலேஷன் பாயின்ட்' என்னும் முனையில் கரைதட்டிய கப்பலினுள் ஒன்றும் உள்ளன. ஆகவே இரும்பு வேண்டுவோனுக்குக் கொடுநிலமே வேண்டிய நிலமாகின்றது. இடத்தின் நன்மையும் தீமையும் இடத்தில் மட்டும் இல்லை. செல்வோனது இன்மையோடு பொருந்தியே அவை அமைகின்றன.

3. பொழுதும் நிலமும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் எனத் தொல்காப்பியர் இரண்டனையும் இணைத்தே கூறினார். பாலைக்கு வேனிலும் நண்பகலும் உரியவாதலோடு பின்பனியும் உரித்தென அவர் கூறியிருத்தல் ஈண்டு நினைவுகூரத்தக்கது. தனக்கென நிலம் வகுக்கப்பெறாத பாலை, பொழுதின் கொடுமையால் பிற நிலங்கள் தம் இயல்பு திரிந்தவழித் தோன்றுவது என்பது நாம் அறிந்ததே.

பனித்தீவின் ஏரியும் அத்தகையதே. தெளிந்த நண்பகலில் அஃது எளிய வழி. நாற்புறமும் கண்ணுக்குப் புலனாகும். காய்கதிரில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு, தீக்குச்சியைச் செலவிடாமலே தீ மூட்டவும் இயலும். அதே ஏரியில் மாலையில் காற்றுத் திரும்பிப் புயல் எழுமாயின், பத்தடித் தொலைவில் நிற்கும் குடிசையும் கண்ணுக்குத் தோன்றாது. நிலம் மாறவில்லை, பொழுது மாறியது, வழி பாலையாயிற்று. ஆதலின் 'எங்கு' என்னும் வினா 'எப்பொழுது' என்னும் வினாவோடு பிரியாது நிற்கின்றது. தேர்ந்த ஆட்டக்காரர் விடியலில் வாயிற்கதவைத் திறந்து, காற்றின் திசையையும் வானத்தையும் நோக்கிய பின்னரே அன்றைய செலவை உறுதி செய்வர்.

4. சுமை

ஒருவன் தடையின்றிச் சுமக்கத்தக்க அளவு 30 கிலோகிராம் என வரையறுக்கப்பட்டுள்ளது. களைப்பு மிகுந்தால் அவ்வளவும் குறையும். நீர் ஒரு லிட்டர் ஒரு கிலோகிராம் ஆகும். விறகு, இறைச்சி, உடை, படுக்கை ஆகிய அனைத்தும் எடையுடையன. பச்சை இறைச்சியைச் சுமந்து செல்வோனை அதன் மணம் பற்றி ஓநாய்களும் தொடரும். எனவே 'அங்கு என்ன கிடைக்கும்' என்பதனோடு 'இங்கு எதனை விட்டுச் செல்வேன்' என்பதும் முடிவு செய்யப்படல் வேண்டும். 'டிம்பர்வுல்ஃப்' மலையின் உச்சியில் வீழ்ந்து கிடக்கும் வானூர்தியின் சரக்கை நாடுவோர் கயிறு பற்றி ஏறுதல் வேண்டும். மிகுசுமை அவ்வேற்றத்திற்கு ஒவ்வாது. பெறுதற்பொருட்டுச் செல்வோன் முதற்கண் இழக்கக் கற்றல் வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் பொருளியல்.

5. இருத்தலின் இடர்

இனி, செல்லாதிருத்தலும் ஒரு தேர்வன்றோ எனின், அதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நிலை என்க. வீடுகளில் எடுத்த பொருள் மீண்டும் நிறைவதில்லை. கடுநிலையில் நாள் செல்லச் செல்லக் குளிரும் மிகும். வீட்டினுள்ளேயே பலநாள் அடைந்து கிடப்போனை அடைப்பு நோய் ஒன்று பற்றும். அந்நோயுற்றோன் வீட்டினுள் உறங்கவும் இயலாது. ஆக, இருப்பு என்பது மெல்ல நிகழும் செலவேயாகும். அதில் நடப்பவை கால்கள் அல்ல, கையிருப்பு.

தலைவன் செலவிடை அழுங்குதல் செல்லாமை அன்று. தலைவியை ஆற்றுவித்துப் பின் செல்லுதற்பொருட்டுச் சிறிது தங்குதலே என்பது கற்பியல் காட்டும் முடிபு. விளையாட்டிலும் தக்க தங்கல் இத்தகையது. கரடித்தோல் காய்வதற்கு 12 நாள் வேண்டும்; அது காயும்வரை தங்குதல் செலவின் ஓர் உறுப்பே. காரணமின்றித் தங்குதலோ வேறு.

இவ்வேறுபாட்டை யாம் நூலறிவால் உணர்ந்தோம் அல்லேம், இழப்பால் உணர்ந்தோம். எம் மாணவர் ஒருவர் தூண்ட இதனை ஆடத் தொடங்கிய யாம், ஏரிக்கரை முகாம் அலுவலகத்தில் 26 நாள் தங்கினோம். அடுப்பும் படுக்கையும் ஏரிமீனும் அங்கு இருந்தன. நாளை செல்வோம் என ஒவ்வொரு நாளும் எண்ணினோம். தூண்டில் கயிறு தீர்ந்து, தீக்குச்சி நான்கே எஞ்சிய பின்னர்க் கடற்கரை நோக்கிப் புறப்பட்டோம். எதனையும் விட மனமின்றி 40 கிலோகிராம் சுமந்தமையால் விரைந்து நடக்க இயலவில்லை. பள்ளத்தாக்கை அடையுமுன் பொழுது சாய்ந்தது, புயல் எழுந்தது, ஆட்டமும் அங்கே முடிந்தது. 10-ஆம் நாளில் நிறைந்த கையோடும் குறைந்த சுமையோடும் புறப்பட்டிருந்தால், அதே வழி எம்மைக் கடற்கரையில் சேர்த்திருக்கும். எம்மைக் கொன்றது வழி அன்று. இல்லாமை வரும்வரை இருந்த இருப்பே.

6. ஆற்றுப்படுத்துவோர் இன்மை

ஆற்றுப்படை நூல்களில், சென்று மீண்டவன் செல்லவிருப்பவனுக்கு வழி கூறுகின்றான். மலைபடுகடாத்தில் பன்றிக்கு வைத்த பொறியும், தினைப்புனங் காப்போர் எறியும் கவண்கல்லும் முன்னரே எடுத்துரைக்கப்படுகின்றன. இவ்விளையாட்டிலோ ஆற்றுப்படுத்துவோர் ஒருவரும் இல்லை. தான் நிற்கும் இடத்தினின்று கண்ட நிலத்தை, அணைந்த தீயில் எடுத்த கரித்துண்டால் ஆடுவோனே வரைந்துகொள்கின்றான். அவ்வரைபடமும் அவன் நிற்குமிடத்தைச் சுட்டுவதில்லை. காணும் பாறையையும் குடிசையையும் ஒப்பிட்டு அவனே அறிதல் வேண்டும். ஒருமுறை இறந்து மறுமுறை ஆடுபவனுக்குத் தன் முன்னை இறப்பே ஆற்றுப்படை. இப்புலவன் தன் பரிசிலைப் பெற்றவன் அல்லன், இழந்தவன்.

7. முடிவு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். அடுத்த இடத்தைத் தேர்தல் என்பது இன்மை, பொழுது, சுமை, வழி என்னும் நான்கனையும் ஒருங்கு நிறுத்து நோக்கும் செயலாகும். அவற்றுள் பொழுதே தலைமையுடையது. எஞ்சிய மூன்றும் அதனால் மாறுகின்றன. செலவிற்கு ஏற்ற காலம் தேவை முற்றிய காலம் அன்று. கையில் பொருளும் உடலில் வலியும் எஞ்சியிருக்கும் காலமே. கதை கூறாமலே களத்தாலும் பொழுதாலும் உணர்வை எழுப்பும் இத்தகைய ஆக்கங்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்குதல் ஆராய்ச்சியாளர்க்கு அழகன்று. திணைக் கோட்பாட்டைக் கற்ற நம் மாணவர்கள் அவற்றை அளக்கும் கோலைத் தம் கையிலேயே உடையர். அதனைக் கொண்டு அளந்து பார்த்தல் அவர்தம் கடனாகும்.