நூலகத்திலே நம் தோட்டங்கள்



புத்தகம் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பட்டியல் போட்டு வரிசையாகப் படிப்பவர்கள் ஒரு வகை. கைக்குக் கிடைத்ததைப் படித்துவிட்டு, அது எங்கே இழுத்துக்கொண்டு போகிறதோ அங்கே போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது வகை. அடுப்படி வேலை முடிந்து, மாணவர்களின் கட்டுரை நோட்டுகளையும் திருத்தி வைத்த பிறகு அரை மணி நேரம் கிடைத்தால் போதும், எனக்கு அதுவே திருவிழா.

கடந்த சில மாதங்களாக நான் படித்தவை எல்லாம் தோட்டத்துக் கதைகளாகவே அமைந்துவிட்டன. அதற்கு ஒரு காரணம் உண்டு. வகுப்பில் ஒரு கதையை வாசித்துக்கொண்டிருந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "மங்குன்னா என்ன டீச்சர்?" என்று கேட்டான். எங்கள் பள்ளியின் பெயரில் இன்னும் தோட்டம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் தாமான் வீடுகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். பள்ளியைச் சுற்றி நிற்பது செம்பனை. பால் வடியும் மங்கை அந்தப் பிள்ளை எங்கே பார்த்திருக்கப் போகிறான்? அவன் பாட்டி அதைத் தினமும் நூற்றுக்கணக்கில் கவிழ்த்தும் நிமிர்த்தியும் வைத்திருப்பார்.

அன்று மாலை நூலகத்துக்குப் போனேன். ஜொகூரில் எங்கள் வட்டார நூலகத்தில் தமிழுக்கென்று இருப்பது ஒரே அலமாரி. அதில் இல்லாதவற்றைச் சிங்கப்பூரில் வேலை செய்யும் என் மைத்துனர், அங்குள்ள நூலகத்திலிருந்து தம் அட்டையில் எடுத்துப் பாலம் கடந்து கொண்டுவந்து தந்தார். படித்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். விமர்சனம் எழுதும் படிப்பு எனக்கில்லை. இவை ஒரு வாசகியின் எண்ணங்கள் மட்டுமே.

பங்களா வாசலிலிருந்து

முதலில் கிடைத்தது ஒரு வெள்ளைக்காரத் துரை எழுதிய நாவல். பெயர் ஆன்றி ஃபொக்கோனியே, பிரெஞ்சுக்காரர். 1905-ஆம் ஆண்டு மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் ரப்பர் பயிரிட்டவர். 'மலேசி' என்ற அவருடைய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் கிடைத்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்து முடித்தேன்.

காட்டையும் மழையையும் மலாய்ப் பந்துன்களையும் அந்த மனிதர் நேசித்திருக்கிறார். தமிழும் மலாயும் கற்றுக்கொண்டவர் என்கிறார்கள். நம்மவர்களும் கதையில் வருகிறார்கள். ஆனால் கதையின் நடுவில் நிற்பவர்கள் துரைமார்கள்தாம். பங்களாத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் மரங்களின் நிரை அழகாகத்தான் தெரியும். அந்த நிரைக்குள் இருட்டோடு நுழைந்தவளின் கால் வலி அங்கிருந்து தெரியாது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் உட்கார்ந்த இடம் அது.

இவரைப் பற்றி இன்னொரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. 1917-இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கியவரும் இவரே. பால்மரக் காட்டைக் கதையாக எழுதிய கைதான், பின்னாளில் அந்தப் பால்மரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட மரத்தையும் நட்டிருக்கிறது!

மருந்துக்கூட வாசலிலிருந்து

அடுத்தது 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளிவந்த நாவல். அதை இரா. முருகவேள் தமிழாக்கி 2007-இல் வெளியிட்டார். 2013-இல் வந்த 'பரதேசி' படம் இந்தக் கதையைத் தழுவியதே என்றால் உங்களில் பலருக்கு உடனே விளங்கும்.

டேனியல் 1940-களில் வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கவும் முன்நின்றவர். பஞ்சத்தில் வாடும் கருப்பனும் வள்ளியும் ஒரு மேஸ்திரியின் பேச்சை நம்பி மலை ஏறுகிறார்கள். முன்பணம் கையில் வாங்கியதோடு அவர்கள் கணக்குப் புத்தகத்தில் கட்டுண்டு போகிறார்கள். எத்தனை உழைத்தாலும் கடன் தீர்வதில்லை. காய்ச்சல் ஒவ்வொருவராகக் கொண்டுபோகிறது. மருத்துவர் எழுதியதால் நோயின் பக்கங்கள் மிகத் துல்லியமாக இருக்கின்றன. சாகிறவனின் உடம்பு சூட்டை எண்ணிப் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

படிக்கும்போது இடையிடையே நிறுத்திவிட்டு யோசித்தேன். அங்கே மேஸ்திரி, இங்கேயும் இலங்கையிலும் கங்காணி. அங்கே கொழுந்து, இங்கே பால். பெயர்தான் வேறு, முன்பணக் கயிறு ஒன்றுதான். மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்தது. அதற்கு முன் கப்பலேறிய நம் பாட்டன் பூட்டன்மார், கருப்பனும் வள்ளியும் கேட்ட அதே இனிப்பான வார்த்தைகளைத்தானே கேட்டிருப்பார்கள்?

லயத்து அடுப்படியிலிருந்து

'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியையே தலைப்பாக்கி 1964-இல் ஒரு நாவல் வந்தது. எழுதியவர் கோகிலம் சுப்பையா. இலங்கை மலையகத்தில் வாழ்ந்து, தோட்டத்துப் பெண்களோடு பழகியவர்.

மற்றப் புத்தகங்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. ஆண்கள் எழுதும்போது பெண் வேலைக்குப் போவதும் வருவதும்தான் தெரிகிறது. இவர் எழுதும்போது, போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவள் என்ன செய்தாள் என்பதும் தெரிகிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவது, பிள்ளையை யாரிடம் விடுவது என்று தவிப்பது, உடம்பு முடியாத நாளிலும் கூடையைத் தூக்குவது. சகோதரிகளே, இதைப் படிக்கும்போது பிரட்டுக்குப் பிந்திவிடக் கூடாதே என்று பிள்ளையை ஆயக்கொட்டகையில் விட்டுவிட்டு ஓடிய நம் வீட்டுப் பெண்கள் என் கண்முன் வந்தார்கள்.

இந்த நாவல் வந்த ஆண்டைக் கவனியுங்கள். 1948-இல் இலங்கைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்டன. பச்சையைத் தேடிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தாங்கள் பார்த்தறியாத ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இதற்கும் முன்பே, 1935-இல், புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி' என்ற கதையில் மருதி என்பவளை இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். அவர் இலங்கையைப் பார்க்காமலே எழுதினார் என்பார்கள். அப்படியானால், தோட்டத்துக்குப் போனவர்களின் கதை அக்காலத்துத் திருநெல்வேலிக் கிராமங்களில் எவ்வளவு தூரம் பரவியிருக்க வேண்டும்!

நம் ஊர்க் கதைகள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழகத்து எழுத்தாளர் அகிலன் 1975-இல் மலேசியாவுக்கு வந்து தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துச் சென்றார். அதன் விளைவு 'பால்மரக் காட்டினிலே'. விருந்தாளியாக வந்தவர் என்றாலும் நம்மைப் பற்றி அக்கறையோடு எழுதினார். நம் வாயில் புழங்கிய 'பால்மரம்' என்ற சொல்லைத் தமிழகத்து வாசகர்களின் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நன்றி நமக்கு இருக்க வேண்டும்.

ஆனால் என்னை மூன்று நாள் தூங்கவிடாமல் செய்தது நம்மவர் ஒருவர் எழுதிய புத்தகம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1993-இல் வெளிவந்தது. ஜப்பானியர் 1942-43-இல் சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, சுமார் 415 கிலோமீட்டர் தூரத்துக்கு ரயில் பாதை போட்டார்கள். அங்கே இறந்த போர்க் கைதிகள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பெயர்ப் பலகைகள் உண்டு. உலகமே பார்த்த ஆங்கிலப் படமும் உண்டு. ஆனால் அங்கே மிக அதிகமாக மடிந்தவர்கள் கைதிகள் அல்லர், ஆசியத் தொழிலாளர்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களில் ஏராளம். அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறைகள் இல்லை. எத்தனை பேர் என்ற கணக்கும் மதிப்பீடுதான். அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' நாவலும் இதே துயரத்தைச் சொல்வது. தலைப்பே போதும், அவர் எதைக் கட்ட நினைத்தார் என்று சொல்ல.

எங்கள் வீட்டில் என் கணவரின் அத்தை இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிற வயது. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு மாலை 'சயாம் மரண ரயி'லிலிருந்து சில பக்கங்களை அவருக்கு வாசித்துக் காட்டினேன். சாக்குத் துணி உடுத்தியதும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளியதும் பற்றி அவரே பேச ஆரம்பித்தார். லோரியில் ஏற்றிக்கொண்டு போன தகப்பனார் திரும்பி வரவில்லை. பேசிக்கொண்டே வந்தவர் என் கையிலிருந்த புத்தகத்தைத் தடவிப் பார்த்து, "இதுல எங்கப்பா பேரு போட்டிருக்கா ஆயி?" என்று கேட்டார்.

"இது கதை அத்தை, எல்லார் பேரும் இருக்காது" என்றேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்கினார். அந்தப் பெயரை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதினேன். தோட்டத்தின் பெயர், அவர் வெட்டிய நிரை, அழைத்துப் போனபோது அவர் போட்டிருந்த சட்டை வரை அத்தை சொன்னார்.

நாம் செய்யக்கூடியது

வாசகர்களே, இத்தனை புத்தகங்களையும் படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். ஒவ்வொருவரும் தோட்டத்தை ஒரு வாசல் வழியாகப் பார்த்திருக்கிறார்கள். துரைக்கு மரம் தெரிந்தது. டாக்டருக்கு நோய் தெரிந்தது. கோகிலம் அம்மையாருக்குப் பெண்ணின் பாடு தெரிந்தது. ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு 'தோட்டம் இப்படித்தான்' என்று சொல்லிவிட முடியாது. எல்லாவற்றையும் படித்தாலும், நம் சொந்தக் குடும்பத்தின் வாசல் மட்டும் இன்னும் திறக்கப்படாமலே இருக்கிறது. அதன் சாவியை வைத்திருப்பவர்கள் வயதானவர்கள். அவர்களுக்காகக் காலம் காத்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் எடுத்த புத்தகங்களில் ஒன்றின் தேதிச் சீட்டைப் பார்த்தேன். எனக்கு முன் அதைக் கடைசியாக ஒருவர் எடுத்துப் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. யாரும் தொடாத புத்தகம் என்றாவது ஒரு நாள் அலமாரியிலிருந்து இறக்கப்படும். இது யாருடைய பகையும் அன்று. எந்த நூலகத்திலும் இடம் போதாது. 1950-களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி நிதி திரட்டி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கும் தமிழ் நூல்களுக்கும் இடம் தேடிக் கொடுத்தார். அன்று தமிழ் மக்கள் பணம் கொடுத்தார்கள். இன்று நம்மிடம் யாரும் பணம் கேட்கவில்லை. எடுத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும். சீட்டில் ஒரு தேதி விழும்.

ஆகவே அடுத்த முறை பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகும்போது நூலகத்திலும் ஒரு எட்டு நுழைந்து வாருங்கள். பிள்ளைகளையும் உடன் அழைத்துப் போய், அவர்கள் பெயரிலும் ஓர் அட்டை எடுங்கள். புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓய்வாக இருக்கிற ஒரு மாலையில் பெரியவர்களுக்கு இரண்டு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும். அவர்கள் பேசத் தொடங்கிவிட்டால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.