குழாய் போனது அன்று, கோப்பு போகிறது இன்று

காஞ்சிபுரம் மாவட்டத்துப் புள்ளலூரில் ஆங்கிலேயர் நட்ட நினைவுத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. 1781 ஆகஸ்ட் 27இல் இங்கே நடந்த சண்டையில் உயிரிழந்த ஜேம்ஸ் ஹிஸ்லாப், ஜார்ஜ் பிரவுன் என்ற இரண்டு அதிகாரிகளுக்கானவை அவை. அதற்கு முந்தைய ஆண்டு, 1780 செப்டம்பர் 10இல், இதே ஊரில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை வாங்கிய அடிதான் பெரிது. காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலத் தளபதி மன்றோவின் படையோடு சேர வந்த கர்னல் வில்லியம் பெய்லியை மைசூரின் ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் இங்கே மடக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி பிடிபட்டார். வண்டிகளில் தீ வைத்தது மைசூர் ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று எழுதியவர்கள் இன்னும் இரண்டுபட்டே நிற்கிறார்கள். ராக்கெட்டுகள் அன்று களத்தில் இருந்ததை மட்டும் யாரும் மறுக்கவில்லை.

அந்த ராக்கெட் பார்வைக்கு எளிமையானது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த இரும்புக் குழாய், உள்ளே இறுகத் திணித்த கருமருந்து, நிலை தவறாமல் பறக்கப் பக்கத்தில் வரிந்து கட்டிய மூங்கில் கழி. சூட்சுமம் முழுக்க அந்த இரும்பில் இருந்தது. ஐரோப்பாவில் அப்போது காகித அட்டைக் குழாயில் மருந்தை அடைத்தார்கள். அழுத்தம் ஏறினால் அட்டை கிழிந்துவிடும். இரும்பு தாங்கியது. அதனால் மைசூர் ராக்கெட் ஆயிரம் கெஜத்தைத் தாண்டியும் பாய்ந்தது.

1799இல் திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் விழுந்தது. கோட்டையில் கிடைத்த ராக்கெட்டுகளில் சில கப்பலேறி லண்டனுக்கு அருகில் இருந்த வூல்விச் ஆயுதச்சாலைக்குப் போயின. அங்கே வில்லியம் கான்கிரீவ் இரும்புக் குழாய் ராக்கெட்டில் சோதனைமேல் சோதனை செய்தார். மருந்தின் கலவையை மாற்றினார், எடையைத் தரப்படுத்தினார், நடந்ததையெல்லாம் எழுதி வைத்தார். 1806இல் பிரான்சின் பொலோன் துறைமுகத்தின் மீதும், 1807இல் கோபன்ஹேகன் மீதும் பிரிட்டிஷ் ராக்கெட்டுகள் விழுந்தன. இங்கேயோ செய்த கைகளோடு வித்தையும் போயிற்று. 2018இல் கர்நாடகத்தின் நகரா கிராமத்தில் தூர்ந்துபோன ஒரு கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ராக்கெட் குழாய்களை வாரி எடுத்தார்கள். ஆயிரம் குழாய்கள் மண்ணுக்குள் கிடந்தும் நமக்குப் பயனில்லை. எடுத்துப் போனவர்களிடம் சோதனைச் சாலை இருந்தது. இழந்தவர்களிடம் ஆராய்ச்சியைத் தொடர இடமே மிஞ்சவில்லை.

அன்று ஒரு தொழில்நுட்பத்தைத் தூக்கிப்போகக் கோட்டையை முற்றுகையிட வேண்டியிருந்தது. இன்று ஒரு மின்னஞ்சல் போதும். "உங்கள் நூலகக் கணக்கு நாளையோடு முடிகிறது, உடனே புதுப்பியுங்கள்" என்று பேராசிரியருக்குக் கடிதம் வருகிறது. சுட்டியைத் தொட்டால் பல்கலைக்கழக நூலகத்தின் பக்கம் அச்சு அசலாகத் திறக்கிறது. முகவரியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும். கடவுச்சொல்லை அடித்ததும் அது வேறொரு நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இப்படி அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களிலும் வேறு 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களிலும் புகுந்ததாக 2018 மார்ச்சில் ஈரானியர் ஒன்பது பேர் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலைகளை இயக்கும் கணினி அமைப்பு தனியாக இருந்ததால் அதைத் தொட முடியவில்லை.

எடுத்துப் போக இன்று நம்மிடம் சரக்கும் இருக்கிறது. சென்னை ஐஐடியில் முளைத்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த இயந்திரத்தைப் பொருத்தி 2024 மே 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. இப்படிப்பட்ட இயந்திரத்தின் வரைபடம் ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும்.

திருட்டு வழி ஒன்று என்றால் வாசல் வழி இன்னொன்று. ஒப்பந்தம், நிதி உதவி, வருகைப் பேராசிரியர் பதவி எல்லாமே நல்லவை. சில வேளை அவற்றுக்குப் பின்னால் ஓர் அரசின் கணக்கும் இருக்கும். சீனக் கல்வி நிறுவனங்களோடு ஒப்பந்தம் போடும் முன் உள்துறை, வெளியுறவுத் துறை அனுமதி வேண்டும் என்று 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. இதில் நியாயம் உண்டு. ஆனால் 2021 ஜனவரியில் மத்திய அரசிடமிருந்து வந்த உத்தரவு, பாதுகாப்பு தொடர்பான பொருளில் இணையவழிச் சர்வதேசக் கருத்தரங்கு நடத்தவே முன் அனுமதி கேட்டது. அறிவியல் கழகங்கள் எதிர்த்துக் கடிதம் எழுதின. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. திருடனுக்குப் பயந்து ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்தால் வீட்டுக்காரனுக்குத்தான் மூச்சு முட்டும்.

இதைவிடக் கசப்பான பாடம் ஒன்றையும் நாம் படித்திருக்கிறோம். நாகர்கோவிலில் பிறந்த நம்பி நாராயணன் இஸ்ரோவில் கிரையோஜெனிக் (கடுங்குளிர் எரிபொருள்) இயந்திரத் திட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். ராக்கெட் ரகசியங்களை விற்றதாக 1994 நவம்பர் 30இல் கேரள போலீஸ் அவரைக் கைது செய்தது. விற்பதற்கு அந்தத் தொழில்நுட்பமே அப்போது நம் கையில் இல்லை. ரஷ்யா அதைத் தருவதாகச் சொல்லி, அமெரிக்க நெருக்குதலில் 1993இல் பின்வாங்கியிருந்தது. வழக்கு பொய் என்று 1996இல் சிபிஐ சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. சொந்த கிரையோஜெனிக் இயந்திரத்தோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தது 2014 ஜனவரியில்தான். இந்தத் தாமதத்தில் அந்த வழக்கின் பங்கு எவ்வளவு என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது. பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. இத்தகைய தவறிலிருந்து அமெரிக்காவும் தப்பவில்லை. எம்ஐடி பேராசிரியர் காங் சென் 2021 ஜனவரியில் கைதானார். ஓராண்டு கழித்துக் குற்றச்சாட்டைக் கைவிட்டார்கள்.

ஆக, காக்க வேண்டியவை இரண்டு: ஆராய்ச்சி, ஆராய்ச்சியாளர். கணக்குகளுக்கு இரண்டு அடுக்குப் பூட்டு, ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய ஆய்வுக்குத் தனிக் கணினி, வெளிநாட்டுப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒளிவு மறைவில்லாத பதிவேடு ஆகியவை பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. கடினம் இன்னொன்றில் இருக்கிறது. தெரியாமல் தப்பான சுட்டியைத் தொட்டுவிட்ட ஆராய்ச்சி மாணவி அடுத்த ஐந்து நிமிடத்தில் அதைத் துறையில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் விசாரணை, கெட்ட பெயர், முனைவர் பட்டத்துக்கே ஆபத்து என்ற பயம் இருந்தால் வாயைத் திறக்க மாட்டாள். அவள் மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே புகுந்தவனுக்கு லாபம். பயமில்லாமல் சொல்ல முடிகிற துறையில் சேதம் அன்று மாலையே தெரிந்துவிடும், கடவுச்சொல்லும் மாறிவிடும். பல்கலைக்கழகங்கள் முதலில் சம்பாதிக்க வேண்டியது அந்த நம்பிக்கையைத்தான்.